வந்த விமானம், போன விமானம்: தேடல் கருவிகளின் கணக்கும் பாலாவி வானமும்

பாலாவியில் ஓர் ஓடுபாதை இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் ஏ3 வீதி புத்தளம் நகரைத் தொடுவதற்குச் சற்று முன்பு, கற்பிட்டி வீதி பிரிகிற அந்த வட்டாரத்தில், விமானப்படையின் பொறுப்பில் அது கிடக்கிறது. விமான நிலையமொன்றுக்கு அண்மை நாட்களில் எந்தெந்த விமானங்கள் வந்தன, எவை புறப்பட்டன என்று தேடித்தரும் மென்பொருள்கள் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றில் கட்டுநாயக்கவைக் கேட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பாலாவியைக் கேட்டால் அநேகமாக வெறுந்திரைதான் மிஞ்சும். கருவியும் ஒன்று, முறையும் ஒன்று. நிரம்பி வழியும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம், வெறுமையாக வரும் விடையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

புத்தளம் மாவட்டத்தில் இந்தக் கருவிகளைத் திறப்பவர்களில் விமானப் பித்தர்கள் சிலரே. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் வீட்டார்தான் அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பக்கங்களில் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் பலர் பிறகு சவூதிக்கும் கட்டாருக்கும் போனார்கள். தோஹா விமானம் நேற்று எத்தனை மணிக்கு இறங்கியது, ஒரு கிழமையாகப் பிந்திப் பிந்தி வருகிறதா, இன்று வாகனத்தை எத்தனை மணிக்குக் கிளப்புவது என்பதெல்லாம் இந்த வீடுகளில் பணம் சம்பந்தப்பட்ட கேள்விகள். கட்டுநாயக்கவும் பாலாவியும் ஒரே ஏ3 வீதியில்தான் இருக்கின்றன. ஆனாலும் இடையில் நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட ஓட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இறங்குகிறவரை ஏற்றப் போகிறவர் பழைய நாட்களின் இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நியாயமே.

இந்தக் கருவிகளுக்குத் தகவல் விமான நிலையத்திலிருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு பகுதி அப்படித்தான் வருகிறது: அட்டவணை நேரம், வாயில் எண் போன்றவை விமான நிறுவனங்களிடமிருந்தும் நிலையங்களிடமிருந்தும் கிடைப்பவை. பறந்த பாதையும் உண்மையில் தரைதொட்ட நேரமும் வேறு வழியில் வருகின்றன. பெரிய பயணிகள் விமானம் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஏடிஎஸ்-பி என்ற முறையில், 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், தான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று ஓயாமல் ஒலிபரப்புகிறது. இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு தடவை அளவில் சொல்கிறது. அந்த ஒலிபரப்பில் பூட்டு எதுவும் இல்லை. சிறிய அன்டெனா, தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட மலிவான யூஎஸ்பி வாங்கி ஒன்று, ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினி, டம்ப்1090 போன்ற இலவச மென்பொருள், இவ்வளவு இருந்தால் எவரும் அதைக் கேட்கலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கூரையில் இப்படிக் கேட்டு, கேட்டதை இணையத்தில் ஏற்றுகிறார்கள். நம் திரையில் நகரும் மஞ்சள் விமானம் அப்படி வந்து சேர்ந்ததுதான்.

இந்தக் கூட்டு முயற்சியை வணிகமாக்கியவர்களில் முதலிடம் சுவீடனின் பிளைட்ரேடார்24க்கு. 2006இல் இரண்டு விமான ஆர்வலர்கள் தொடங்கி, 2009இல் யாரும் தரவு அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதில் காசு கட்டாமல் ஏழு நாள் பழைய பறப்புகளைப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் போக வேண்டுமானால் சந்தா. 90 நாளுக்கு ஒரு விலை, ஓராண்டுக்கு வேறு விலை. அமெரிக்காவின் பிளைட்அவேர் 2005இல் தொடங்கியது; தன் வாங்கிகளோடு அரசு வான்போக்குவரத்துத் தரவையும் சேர்த்துக்கொள்வது அதன் பலம். 2016இல் பிறந்த ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச், எவருடைய வேண்டுகோளுக்காகவும் எந்த விமானத்தையும் மறைப்பதில்லை என்பதாலேயே பெயர் வாங்கியது. 2023இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது தரவு அனுப்பிக்கொண்டிருந்த பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். கூரையில் அன்டெனா வைத்தவர் ஒருவர், காசு பார்ப்பவர் வேறொருவர் என்ற சிக்கல் இந்தத் துறையில் இன்னும் தீரவில்லை.

ஆய்வுக்குப் பயன்படுவது ஓபன்ஸ்கை வலையமைப்பு. சுவிட்சர்லாந்தின் பாதுகாப்புத் துறை நிறுவனமான ஆர்மாசுவிஸ், ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வுத் திட்டமாக 2012இல் தொடங்கி, இலாபம் கருதாத சங்கமாக வளர்ந்தது. பைதன், ஆர் போன்ற நிரல்மொழிகளில் எழுதப்பட்ட சிறு தேடல் கருவிகள் பல இதன் தரவுக் கதவைத்தான் தட்டுகின்றன. கேள்வி எளியது: விமான நிலையக் குறியீடு, தொடக்க நேரம், முடிவு நேரம். விடையாக ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி வரும். விமானத்தின் 24 பிட் அடையாள எண், அழைப்புக்குறி, முதலில் கேட்கப்பட்ட நேரம், கடைசியாகக் கேட்கப்பட்ட நேரம், எங்கிருந்து, எங்கே என்பவை அதில் இருக்கும். ஒரே தடவையில் சில நாட்களுக்கு மேல் கேட்க விடாது. பறப்புகளின் பட்டியல் இரவில்தான் தொகுக்கப்படுகிறது என்பதால் இன்று காலை வந்த விமானத்தை இன்றே இதில் தேடுவது வீண். நேற்று வரைதான் கிடைக்கும்.

அந்த விடையில் இரண்டு சொற்களைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். புறப்பட்ட நிலையம், இறங்கிய நிலையம் என்ற இரண்டு பத்திகளுக்கும் முன்னால் ‘மதிப்பிடப்பட்ட’ என்ற அடைமொழி இருக்கிறது. விமானம் எங்கே இறங்கியது என்று அந்த அமைப்புக்கு யாரும் சொல்வதில்லை. கடைசியாகக் கேட்ட இடம் எது, அப்போது உயரம் என்ன, அருகில் எந்த ஓடுபாதைகள் இருக்கின்றன என்று பார்த்து அது ஊகிக்கிறது. எத்தனை நிலையங்கள் போட்டியில் இருந்தன, ஊகித்த நிலையத்துக்கும் கடைசிப் புள்ளிக்கும் எத்தனை மீற்றர் தூரம் என்பதையும் நேர்மையாகவே தருகிறது. கருவியை அழகாக வடிவமைப்பவர்கள் முதலில் வெட்டியெறிவது இந்தப் பத்திகளைத்தான். திரை அழகாகிவிடும், ஆனால் ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இதை நம் கரையோரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு ஏறக்குறைய பாலாவியின் தலைக்கு மேலால் போகும். வடக்கு நோக்கி ஏறுகிற விமானமும் வடக்கிலிருந்து இறங்குகிற விமானமும் இந்தப் பக்கத்து வானத்தைப் பயன்படுத்துகின்றன. இறங்கிவரும் விமானமொன்றின் ஒலி சிலாபத்துக்கு வடக்கே கேட்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊகிக்கும் நிரலுக்கு முன்னால் இப்போது இரண்டு ஓடுபாதைகள் நிற்கும்: தூரத்தில் கட்டுநாயக்க, கிட்டத்தில் பாலாவி. கிட்டத்ததைத் தெரிவுசெய்தால், நூற்றைம்பது பயணிகளோடு வந்த ஏர்பஸ் பாலாவியில் இறங்கியதாகப் பதிவு விழும். இல்லாத வரவொன்று இப்படிப் பட்டியலில் புகுந்துவிட முடியும்.

உண்மையான வரவு பட்டியலில் விழாமல் போவதற்கான காரணம் இன்னும் நேரானது. 1090 மெகாஹேர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு மறைத்தால் கேட்காது. மீற்றரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த உயரத்தில் பறப்பதைத் தரையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் வரை கேட்கலாம் என்று ஏறத்தாழ வரும். 11,000 மீற்றரில் பறக்கும் விமானத்தை 430 கிலோமீற்றருக்கு அப்பாலும் கேட்கலாம். 300 மீற்றரில் பறப்பது 70 கிலோமீற்றரோடு மறைந்துவிடும். கட்டுநாயக்கவுக்கும் பாலாவிக்கும் இடையே நேர்கோட்டில் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். ஆகவே கட்டுநாயக்கப் பக்கத்தில் தரைமட்டத்தில் வைத்த ஒரு வாங்கிக்கு, பாலாவியின் மேலே ஏறக்குறைய 480 மீற்றருக்குக் கீழே வந்த எதுவும் கேட்காது. அன்டெனாவை உயர்த்தினால் இந்த எண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏறுவதும் இறங்குவதும் நடப்பது இந்தக் கேட்காத அடுக்கில்தான். பாலாவியிலோ புத்தளத்திலோ பக்கத்தில் வாங்கி ஒன்று இல்லாத நாளில், எந்த நிறுவனத்தின் கருவியானாலும் அந்த ஓடுபாதையைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்காது.

வாங்கி இருந்தாலும் விமானம் பேச வேண்டுமே. சிறிய விமானங்களிலும் பழைய ஹெலிகாப்டர்களிலும் ஏடிஎஸ்-பி கருவி இல்லாமல் இருக்கலாம். இராணுவ விமானம் அதை வைத்திருந்தாலும் அணைத்துவிட்டுப் பறக்கலாம். இருப்பிடத்தைச் சொல்லாமல் அடையாளத்தை மட்டும் சொல்லும் விமானத்தைக் கண்டுபிடிக்க, குறைந்தது நான்கு வாங்கிகள் ஒரே ஒலியைக் கேட்டு, நேர வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். ஐரோப்பிய நகரங்களில் நான்கு வாங்கிகள் ஒரே தெருவில் அகப்படும். உப்பளமும் களப்பும் தென்னந்தோப்புமாகப் பரந்த புத்தளக் கரையில் அது எளிதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தின்போது இம்மாவட்டத்தின் லுணுவிலப் பகுதியில் நிவாரணப் பணியில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகாப்டர் விழுந்து விமானி உயிரிழந்தார். தென்னை உயரத்தில் நடக்கும் அவ்வாறான பறப்புகளைப் பொதுத் தேடல் கருவியொன்றில் பின்னர் மீட்டெடுக்கலாம் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பாலாவி ஓடுபாதைக்கு மறைந்திருப்பது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் இயங்கியது. கடற்படை வழக்கப்படி அதற்கும் கப்பல் போலவே ‘ராஜாலிய’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அங்கே யானையைக் கட்டிப் போர் விமானத்தை இழுத்த புகைப்படம் இன்றும் உலாவுகிறது. எத்தனை விமானம் வந்தது, எத்தனை போனது என்பதெல்லாம் அன்று கடற்படையின் ஏட்டில் மட்டும் இருந்த சங்கதி.

பொதுத் தரவு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதற்கு இலங்கையே உலகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்திருக்கிறது. 2022 ஜூலை 13ஆம் திகதி அதிகாலை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விமானப்படையின் அன்டனோவ் 32 விமானத்தில் கட்டுநாயக்கவிலிருந்து மாலைதீவுக்குப் போனார். அவர் நாட்டைவிட்டுப் போன செய்தி மக்களுக்கு எட்டியது விமானம் போன பிறகு. விமானப்படையும் அறிக்கை விட்டது. அடுத்த நாள் அவர் மாலேயிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது சவூதியா நிறுவனத்தின் எஸ்வி788 என்ற சாதாரணப் பயணிகள் விமானத்தில். அந்த நேரத்தில் பிளைட்ரேடார்24இல் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடர்ந்த விமானம் அதுதான். முதல் நாளின் பயணம் தப்பியோட்டம், இரண்டாம் நாளின் பயணம் அதன் தொடர்ச்சி. உலகம் கூடிநின்று பார்த்தது தொடர்ச்சியை மட்டுமே.

இதிலிருந்து இக்கருவிகள் பயனற்றவை என்று முடிவுகட்டுவது தவறு. பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களைப் பொறுத்தவரை அவை அரசின் வாய்ப்பேச்சை உரசிப்பார்க்க நல்ல சாதனம். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள நிலையத்தைப் பற்றி எத்தனை உரைகள் கேட்டோம்! ஒரு கிழமைப் பட்டியலை எடுத்துக் கட்டுநாயக்கவின் ஒரு நாள் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் உரை எதுவும் தேவைப்படாது. 2017 ஜனவரி 6 முதல் மூன்று மாதம் கட்டுநாயக்க ஓடுபாதை திருத்தத்துக்காகப் பகலில் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடப்பட்டிருந்தது. அந்த மாதங்களின் பழைய தரவை மணிவாரியாக அடுக்கினால் நடுவில் பெரிய பள்ளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோளாறு உங்கள் நிரலில் இருக்கிறது. இப்படி விடை ஏற்கெனவே தெரிந்த நாட்களை வைத்துக் கருவியைச் சோதிப்பதுதான் என் பரிந்துரை. பலாலியும் அதற்கு உதவும். 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டும் ஓடியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இந்தத் தேதிகளைச் சரியாகக் காட்டாத கருவியிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம்.

பலாலியும் பாலாவியும் ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்து வித்தியாசம்தான். இரண்டிலும் விமானப்படை உண்டு. பெயரைத் தட்டித் தேடுகிறவர் இடம் மாறிப் போவதற்கு இதுவே போதும். குறியீட்டை வைத்துத் தேடுவது பாதுகாப்பு. அதிலும் இரண்டு வகை உண்டு: பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, விமானிகள் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு. கட்டுநாயக்கவுக்கு முதலாவது சிஎம்பி, இரண்டாவது விசிபிஐ. பலாலிக்கு ஜேஏஎஃப், விசிசிஜே. ஓபன்ஸ்கை போன்றவற்றுக்கு நான்கெழுத்துத்தான் புரியும். விமானத்துக்கும் இதே குழப்பம் உண்டு. சீட்டில் யூஎல் என்று தொடங்கும் ஸ்ரீலங்கன் விமானம் வானில் ஏஎல்கே என்று பேசும். ஒரே விமானத்தின் இருக்கைகளை மூன்று நிறுவனங்கள் தங்கள் எண்களில் விற்றால் அறிவிப்புப் பலகையில் மூன்று வரி வரும்; ஓடுபாதையில் இறங்குவது ஒன்றுதான். பலகையிலிருந்து எண்ணுகிறவர் கணக்கு எப்போதும் கூடும்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் காலைவாருவது நேரம். பெரும்பாலான தரவுத்தளங்கள் உலகப் பொதுநேரத்தில் பேசுகின்றன. நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். வியாழன் அதிகாலை ஒரு மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்கும் விமானம் தரவில் புதன் இரவு 7.30 என்று கிடக்கும். ‘வியாழக்கிழமை வந்தவை’ என்று தேடினால் அது அகப்படாது. வளைகுடாவிலிருந்து வருபவற்றில் பல இந்த நள்ளிரவு நேரங்களில்தான் இறங்குகின்றன என்பதால், புத்தளத்து வீடுகளுக்கு மிகவும் வேண்டிய விமானங்களே பிழையான நாளில் போய் விழுகின்றன. 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கை தன் கடிகாரத்தையே மாற்றி வைத்திருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், பழைய ஆவணங்களோடு ஒப்பிடும்போது இன்னொரு முறை யோசிப்பார்கள்.

பதிவு பொதுவில் இருப்பதன் பெறுமதியை நம் கடற்கரை நன்றாக அறியும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602 விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. உள்ளே 48 பயணிகள், 7 பணியாளர்கள். உறவினர்களுக்கு அன்று இருந்தது வானொலிச் செய்தியும் வதந்தியும். சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட 2012 வரை ஆனது. இன்றென்றால் கடைசிப் புள்ளியாவது ஏதோவொரு திரையில் நின்றிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் 2014 மார்ச் 8இல் 239 பேரோடு மறைந்த மலேசியன் எயார்லைன்ஸ் எம்எச்370 அந்த நம்பிக்கைக்கும் எல்லை போட்டுவிட்டது. ஒலிபரப்பு நின்ற இடத்தோடு பொதுத் திரையும் நின்றது. அதற்குப் பிறகே, தரையில் வாங்கி இல்லாத கடல்களுக்காக, இரிடியம் நெக்ஸ்ட் செய்மதிகளில் ஏடிஎஸ்-பி வாங்கிகளைப் பொருத்திக் கேட்கும் ஏரியன் சேவை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அது காசு கொடுத்து வாங்கும் தரவு. அண்மை ஆண்டுகளில் போர் நடக்கும் பகுதிகளில் ஜிபிஎஸ் சமிக்ஞையையே குழப்புவதால் விமானம் இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்லும் நிலையும் வந்திருக்கிறது. மேற்காசியாவுக்கு மேலாகப் பறந்துவரும் விமானத்தின் பாதை திடீரென்று கோணலானால் பதற வேண்டாம்.

மறுபக்கத்தில், யார் எப்போது எங்கே பறக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்க அதிகாரிகள் தனியார் விமான உரிமையாளர்களுக்கு மறைந்துகொள்ள வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். வணிகக் கருவிகள் அதற்குக் கட்டுப்படுகின்றன. இராணுவத் தளத்தின் அன்றாட அசைவுகள் பொதுத் திரையில் வர வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். பாலாவி முகாம் தன் பயிற்சிப் பறப்பை ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் பொதுப் பணத்தில் பிரமுகர்கள் ஏறும் ஹெலிகாப்டர்ப் பயணம் வேறு வகை. இன்று அதைக் காட்டிக்கொடுக்க எந்த அன்டெனாவும் போதாது. அங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. அச்சட்டத்திலும் தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கு இருக்கிறது என்பதை அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

சிவில் பறப்புகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. கட்டுநாயக்க, மத்தள, ரத்மலானை, பலாலி ஆகியவற்றில் எந்த விமானம் எத்தனை மணிக்குத் தரை தொட்டது என்ற சரியான பதிவு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நடத்தும் விமான நிலைய மற்றும் விமானச் சேவைகள் நிறுவனத்திடம் இருக்கிறது. பயணிகள் விமானங்களின் அந்தப் பதிவை, ஒரு நாள் பிந்தியாவது, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய அட்டவணையாக வெளியிட்டால் சுவீடனில் உள்ளவருக்குச் சந்தா கட்டி நம் விமான நிலையத்தை நாமே ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புத்தளத்துப் பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உயரமான கூரையுள்ள ஒரு கட்டடத்தில் ஒரு வாங்கியைப் பொருத்தி ஓபன்ஸ்கைக்குத் தரவு அனுப்புங்கள். இந்தக் கரையோரத்தின் தாழ்வான வானத்தைக் கேட்க வேறு எவரும் வரப்போவதில்லை. அதுவரை, பாலாவிக்கு வெறுந்திரை காட்டும் கருவியை மேற்கோள் காட்ட நேரும் நிருபர்கள் ‘விமானம் எதுவும் வரவில்லை’ என்று எழுதாமல் ‘பதிவு எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள்.